ஃப்ரிட்ஜ் அண்ணாச்சி பதில்கள்: இறைச்சிப் பெட்டியும் ஈரம் எடுக்கும் மெஷினும்

தக்கலையில் ஃப்ரிட்ஜ், ஏசி, ஐஸ் பிளான்ட் வேலை பார்க்கும் அண்ணாச்சி, வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஈரப்பதம் பற்றியவை.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தாச்சு. இத்தாலிக்காரர்கள் மாட்டுத் தொடைக்கறியை உப்பில் ஊறவைத்து, அடுப்பே காட்டாமல், குளிரில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். பிரெசாவோலா என்று பெயர். மெல்லிசாகச் சீவித் தின்பது. அதை வீட்டில் செய்து பார்க்க ஒரு பழைய 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜை ஒதுக்கி, வெளியே கன்ட்ரோலர் மாட்டி 12 டிகிரியில் ஓட்டுகிறேன். நாலு கிலோ தொங்குகிறது. ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கணும் என்கிறார்கள், மீட்டரோ 88, 90 காட்டுகிறது. வெளியே ஆடிச் சாரல் வேறு. கடையில் நாளுக்குப் பத்து லிட்டர் ஈரம் எடுக்கும் கம்ப்ரசர் மெஷின், அதாவது டிஹ்யூமிடிஃபயர்தான் சரி என்கிறார்கள். ஆன்லைனில் 250 மில்லி எடுக்கும் சின்ன மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்கட்டும்?
— வாசகர், கருங்கல்

பதில்: இரண்டையும் இன்றைக்கு வாங்க வேண்டாம். முதலில் கணக்கு போடுவோம்.

நம்ம பக்கத்தில் இடவப்பாதியிலும் (வைகாசிப் பாதி) ஐப்பசியிலுமாக இரண்டு மழை. துணி காயாது, உப்பு ஜாடி கசியும். அதனால் பெட்டிக்குள் இருக்கிற ஈரமும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிடுகிறோம். மூடின ஃப்ரிட்ஜில் அப்படி இல்லை. 12 டிகிரியில் 75 சதவீத ஈரம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 8 கிராம் தண்ணீர். உங்கள் பெட்டி 190 லிட்டர். அதிலிருக்கும் காற்று முழுவதிலும் சேர்த்து ஒன்றரை கிராம் தண்ணீர்தான். மழைநாளில் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் கதவை அகலத் திறந்து, உள்ளே இருந்த காற்று மொத்தமும் மாறிப்போனாலும் கூடுதலாக உள்ளே வருவது 3 கிராம். ஒரு டீஸ்பூன்கூடக் கிடையாது.

கறியிலிருந்து வருகிறதைப் பாருங்கள். எடையில் 35 சதவீதம் குறைந்தால்தான் பிரெசாவோலா சீவுகிற பதத்துக்கு வரும். நாலு கிலோவில் அது 1,400 கிராம். ஐந்து வாரத்தில் காய்கிறது என்று வைத்தால் சராசரி நாளைக்கு 40 கிராம். முதல் வாரத்தில் கறி ஈரமாக இருக்கும், இதைப்போல் இரண்டு மடங்குகூட விடும். ஆக, மெஷின் பிடிக்க வேண்டியது சாரலை அல்ல, கறி விடுகிற இந்த நீரை. அளவு கொஞ்சம்தான், ஆனால் அதை 12 டிகிரி குளிரில் பிடிக்கணும். அங்கேதான் லேபிள் ஏமாற்றுகிறது.

250 மில்லி என்று போட்டிருக்கிற சின்ன மெஷினுக்குள் பெல்டியர் தகடு இருக்கும். ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கத்தில் நீர் கோத்து டப்பாவில் சொட்டும். அந்த 250 மில்லி பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர். உங்கள் பெட்டிக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு. போதாததற்கு, 12 டிகிரியில் நிற்கிற தகடு இன்னும் குளிர்ந்து பூஜ்யத்தைத் தொட்டால் நீர் சொட்டாது, பனியாக ஒட்டிக்கொள்ளும். இந்த மலிவு மெஷின்களில் பனி உருக்க ஏற்பாடு கிடையாது.

கம்ப்ரசர் மெஷினுக்கும் அதே பனித்தொல்லைதான். வீட்டு மாடல்கள் நம் அறை வெப்பத்துக்குச் செய்தவை. 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருள் பனிக்கட்டி மூடித் திணறும். அதுவும் பத்து லிட்டர் மெஷின் 200 வாட்டுக்குமேல் இழுக்கும், இழுத்தது முழுவதும் உள்ளேயே சூடாக இறங்கும். உங்கள் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரே நூறு வாட் சொச்சம்தான். ஒரே அறையில் ஏசியையும் விறகடுப்பையும் சேர்த்து வைத்த மாதிரி. முதலில் அது உள்ளே நுழையாது, அது வேறு விஷயம்.

மூன்றாவது ஒரு ரகம் உண்டு, கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். டெசிகன்ட் மெஷின்: ஈரம் உறிஞ்சும் சக்கரம் ஒன்று சுழலும், ஹீட்டர் அதைக் காயவைக்கும். குளிரிலும் சோராமல் வேலை செய்யும். வெளிநாட்டில் குளிர்ந்த கிடங்குகளுக்கு இதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் பல நூறு வாட் ஹீட்டர். 190 லிட்டர் பெட்டிக்குள் வைத்தால் கறி வெந்துபோகாவிட்டாலும் வெதும்பும். ஆள் நுழைகிற குளிர் அறை கட்டினால் அப்போது என்னிடம் வாருங்கள், இதைப் பற்றிப் பேசலாம். கன்ட்ரோலர் வைத்து இதன் கரண்டைத் திடீரென்று வெட்டவும் கூடாது. நிறுத்தின பிறகு ஹீட்டர் ஆற ஃபேன் கொஞ்ச நேரம் ஓடணும்.

அப்படியானால் ஈரத்தை யார் எடுப்பது? உங்கள் ஃப்ரிட்ஜேதான். குளிர்ச்சுருள் எதுவானாலும் அது ஈரம் எடுக்கும் மெஷின்தான். கம்ப்ரசர் ஓடும்போது ஃப்ரீசர் பெட்டியில் பனி படிகிறது. நிற்கும்போது, உள்ளே 12 டிகிரி என்பதால், அந்தப் பனி உருகிச் சொட்டுகிறது. சொட்டிய தண்ணீர் வெளியே போனால் ஈரம் குறையும். போகாமல் தட்டில் தேங்கினால் மறுபடி ஆவியாகிக் கறியிலேயே வந்து உட்காரும். உங்கள் மீட்டர் 90 காட்டுகிறதற்கு முக்கால்வாசி இதுதான் காரணமாக இருக்கும். ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். பின்சுவர்ப் பக்கம் வடிகால் ஓட்டை இருந்தால், பழைய பெட்டியில் அது பாசியும் வெங்காயச் சருகுமாக அடைத்திருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் ஒயரை உள்ளே விட்டுப் பையக் குத்தி, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். பின்னால் கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் வந்து விழணும். சில பழைய மாடலில் ஓட்டையே இல்லை. அதில் தினமும் காலையில் தட்டை உருவிக் கொட்ட வேண்டியதுதான். அப்படியே கதவு ரப்பரையும் சோதியுங்கள்: பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடித்து நிற்கணும். நழுவி வருகிற இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் வெளிக்காற்று புகுந்துகொண்டே இருக்கும். அந்த ஈரம் டீஸ்பூன் கணக்கில் நிற்காது.

இதற்குப் பிறகும் 82, 85 என்று நின்றால், 15 வாட் பழைய குண்டு பல்பு ஒன்று வாங்குங்கள், கோழிக்குஞ்சுக் கூட்டில் போடுவார்களே, அது. பெட்டியின் அடியில் வைத்து, ஈரப்பத கன்ட்ரோலரில் இணையுங்கள். ஈரம் கூடினால் பல்பு எரியும், உள்ளே லேசாகச் சூடாகும், கம்ப்ரசர் கூடுதலாக ஓடும், சுருள் தண்ணீரைப் பிழியும். பல்பைச் சுற்றி ஓட்டை போட்ட பால்மாவு டின் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள்; வெளிச்சம் பட்டால் கொழுப்பு சிக்கடிக்கும். அந்த 250 மில்லி மெஷினும் 20 சொச்சம் வாட் சூட்டை உள்ளேதான் கக்குகிறது. அதை வைத்து ஈரம் குறைந்தது என்று சொல்கிறவர்களுக்கு, அது சொட்டிய தண்ணீரைவிட, அதன் சூட்டால் ஃப்ரிட்ஜ் பிழிந்த தண்ணீர்தான் அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஒரே வேலை, பல்பு இருபது முப்பது ரூபாய்.

அப்புறம் ஏன் வெளிநாட்டு வீடியோவில் எல்லாரும் டிஹ்யூமிடிஃபயர் வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் ஃப்ரிட்ஜை வைத்திருப்பது கார் ஷெட்டில். குளிர்காலத்தில் ஷெட்டே 10 டிகிரி. கம்ப்ரசர் நாள்கணக்கில் ஓடாது. ஓடாத ஃப்ரிட்ஜ் ஈரம் எடுக்காது. அவர்களுக்குத் தனி மெஷின் தேவைதான். கருங்கல்லில் மார்கழி ராத்திரியிலும் கம்ப்ரசர் ஓடத்தான் செய்யும். நம்ம சூடு இந்த ஒரு காரியத்தில் நமக்கு உதவி.

இவ்வளவும் படித்துவிட்டு, இல்லை அண்ணாச்சி, மெஷின்தான் வேணும் என்றால் பெல்டியர் ரகமே வாங்குங்கள். தொடுபட்டன் வேண்டாம், சாதா சுவிட்ச் உள்ளதாக இருக்கட்டும். கடையிலேயே ஆன் செய்து, ஓடும்போதே பிளக்கை உருவி, மறுபடி சொருகிப் பாருங்கள். தானாக ஓடினால் எடுக்கலாம். பட்டனைத் தொட்டால்தான் ஓடுவேன் என்கிற மெஷினை ஈரப்பத கன்ட்ரோலர் ஒருமுறை நிறுத்தினால் அதோடு சரி. கரண்ட் போய் வந்தாலும் அதே கதை.

இரண்டு எச்சரிக்கை. ஒயர் கொண்டுபோகப் பெட்டியில் துளை போடாதீர்கள். பக்கச்சுவருக்குள் கேஸ் குழாய் ஓடுகிற மாடல்கள் நிறைய. பின்னால் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது எரியும் கேஸ். கதவு ரப்பர் ஓரமாகவே ஒயரை விடுங்கள். அடுத்தது, கம்ப்ரசர் ஓடினால் மீட்டர் 65க்கு இறங்கும், நின்றால் 85க்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கம் இயல்பு. ஒரு நாளின் சராசரி 75 பக்கம் இருந்தால் போதும். மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டாம். அதற்குப் பதில் கறித்துண்டை வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். நாலு கிலோவையும் ஒரே நாளில் தொங்கவிடாமல் இரண்டிரண்டாகப் போட்டால் முதல் வார ஈரமும் பாதியாகும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர். கறி இரண்டே வாரத்தில் வெளியே தோல்போல் விறைத்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் நடுவில் பச்சையாக இருக்கிறது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டதா? டிஹ்யூமிடிஃபயர் வைத்தால் சரியாகுமா?
— ரப்பர் விவசாயி, குலசேகரம்

பதில்: ஐயோ, வேண்டாம். உங்கள் வியாதி அதற்கு நேர் எதிர். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் சுருள் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஃபேன் காற்றை அதன்மேல் ஓட்டும், படிந்த பனியை ஹீட்டர் உருக்கி வெளியேற்றும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 50 பக்கம் இருக்கும். வெளித்தோல் சீக்கிரம் காய்ந்து மூடிக்கொண்டது, உள்ஈரத்துக்கு வழியில்லை. இருக்கிற துண்டை வேக்குவம் கவரில் போட்டு, சமையலறை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். உள்ஈரம் வெளித்தோலுக்குப் பரவி விறைப்பு தளரும். பிறகு மறுபடி தொங்கவிடலாம். வெட்டிய இடத்தில் நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் மட்டும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

அடுத்த முறை, அடித்தட்டில் அகலமான பிளாஸ்டிக் டிரேயில் கல்லுப்பைக் கொட்டி, சேறுபோல் குழையும் அளவு தண்ணீர் விட்டு வையுங்கள். கரையாத உப்பு எப்போதும் அதில் தெரியணும். நிறைவுற்ற உப்புநீருக்கு ஒரு குணம்: சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். காற்று காய்ந்தால் நீரை விடும், நனைந்தால் உறிஞ்சும். 10 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் அந்த 75 பெரிதாக மாறாது. இறைச்சிக்கு நாம் கேட்கிற எண்ணும் அதுவே. வேகம் மட்டும் குறைவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீயின் பசிக்கு அது தனியாக ஈடுகொடுக்காது. ஈரம் கூட்டுகிற சின்ன அல்ட்ராசோனிக் ஹ்யூமிடிஃபயர் ஒன்றும் கூட வேண்டியிருக்கும். அதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: இரண்டு ஈரப்பத மீட்டர் வாங்கினேன். ஒன்று 71, மற்றது 82. எதை நம்ப?
— கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: இப்போதைக்கு எதையும் நம்பாதே தம்பி. மேலே சொன்ன அதே உப்புதான் இங்கேயும். சோடா மூடியில் உப்பைப் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு நனை, கரையக் கூடாது. இரண்டு மீட்டரையும் மூடியையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து இறுக்கி மூடி, ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் விடு. காலையில் கவரைத் திறக்காமலே படி. 75 காட்டணும். ஒன்று 70 காட்டினால் அதற்கு 5 கூட்டிக்கொள், மற்றது 81 என்றால் 6 கழி. பின்பக்கம் மார்க்கரில் எழுதி ஒட்டிவிடு. உப்பு மட்டும் சுத்தமான தூள் உப்பாக இருக்கட்டும்; கல்லுப்பில் வேறு உப்பும் கலந்திருக்கும், எண் தவறும்.

கேள்வி: அண்ணே, நான் கருவாடு வாங்கி விற்கிறேன். ஐப்பசி மழை பிடித்தால் அறையில் அடுக்கின கருவாடு கசிகிறது, சிலதில் சிவப்பாகப் படர்கிறது. பிள்ளைகள் ஈரம் எடுக்கிற மெஷின் வாங்கலாம் என்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கான்கிரீட். பணம் வீணாகாதே?
— குளச்சல் வாசகி

பதில்: தங்கச்சி, உனக்குத்தான் அந்தப் பத்து லிட்டர் கம்ப்ரசர் மெஷின். கருங்கல்காரருக்கு வேண்டாம் என்றேனே, அதே மெஷின். உன் அறை 28, 30 டிகிரி. அந்த மெஷின் பிறந்ததே அந்தச் சூட்டுக்கு. லேபிளில் போட்டதில் பாதி எடுத்தாலும் உன் அறைக்குப் போதும்.

கருவாடு கசிவதற்கும் அந்த 75தான் காரணம். காற்றின் ஈரம் 75ஐத் தாண்டினால் மீனில் உள்ள உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். எவ்வளவு காயவைத்து அடுக்கினாலும் கசியும். சிவப்பு படர்வது உப்பிலேயே வாழ்கிற ஒரு வகைக் கிருமி. உப்பளத்து உப்போடேயே வரும். அறையை 65, 70க்குள் வைத்தால் கசிவும் நிற்கும், சிவப்பும் அடங்கும். சிவந்ததை நல்லதோடு சேர்த்து அடுக்காதே.

வாங்குமுன் அறையைப் பார். கதவிடுக்கு, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஓட்டை எல்லாம் அடைக்கணும். இல்லாவிட்டால் குளச்சல் கடற்காற்றையே காயவைக்கிற வேலையாகிவிடும். ஓட்டுக்கூரையாக இருந்திருந்தால் வேண்டாமென்றே சொல்லியிருப்பேன். மெஷினில் தண்ணீர் டப்பா நிறைந்தால் நின்றுவிடும், அதனால் பின்னால் ஓஸ் மாட்டும் வசதி இருக்கணும். கரண்ட் வந்ததும் தானாக ஓடணும். கடலோரத்தில் சுருள் துருப்பிடிக்கும், தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வை, ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவு. நாள் முழுக்க ஓடினால் ஐந்தாறு யூனிட் கரண்ட். மழை இரண்டு மாதத்துக்கு மட்டும் என்றால் தாங்கும்.

கேள்வி: காயவைக்கிற கறியில் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) போடணும் என்கிறார்களே, எவ்வளவு?
— பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்

பதில்: நான் மெஷின்காரன். ஆனாலும் உயிர் விஷயம் என்பதால் சொல்கிறேன். குத்துமதிப்பாக வெடியுப்பு போட வேண்டாம். லேப் கடையில் சுத்தமான சோடியம் நைட்ரைட் வாங்கி வந்து அளக்கவும் வேண்டாம். அதில் சில கிராம் ஆளைக் கொல்லும். இதற்கென்றே 6.25 சதவீத நைட்ரைட் கலந்த க்யூரிங் உப்பு விற்கிறது. சாதா உப்பென்று யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று ரோஸ் நிறம் சேர்த்திருப்பார்கள். வாரக்கணக்கில் காயவைப்பதற்கு, நைட்ரேட்டும் சேர்ந்த இரண்டாம் நம்பர் க்யூரிங் உப்பு. கிலோ கறிக்கு அது இரண்டரை கிராம், அதற்குமேல் இல்லை. சாதா உப்பு 25 முதல் 30 கிராம். கால் கிராம் வித்தியாசம் காட்டுகிற தராசு இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பன்றியோ மாடோ, உப்பிடுமுன் மைனஸ் 18 டிகிரியில் பத்து நாள் உறையவைத்து எடுங்கள். கறிக்குள் இருக்கும் நாடாப்புழுவின் இளம்புழுப் பை சாகும்.

கேள்வி: தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை சும்மா கிடக்கிறது. ஃப்ரிட்ஜுக்குப் பதில் கறியை அதில் தொங்கவிட்டால் ஈரத்தொல்லையே இல்லையே?
— அதே குலசேகரம் விவசாயி

பதில்: ஈரத்தொல்லை இருக்காது, வேறு தொல்லை வரும். புகைப்புரை 50 டிகிரி வாக்கில் ஓடும். வேகாத கறி அந்தச் சூட்டில் காயுமுன் கெட்டுவிடும். இத்தாலியில் பார்மாப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றிலேயே பன்றித்தொடை காயவைக்கிறார்கள் என்று சொல்லி ஒருவர் ஆரல்வாய்மொழிக் காற்றில் தொங்கவிடலாமா என்றுகூடக் கேட்டிருந்தார். அங்கே அடிப்பது மலையிலிருந்து இறங்குகிற குளிர்க்காற்று, இங்கே 30 டிகிரி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

புகைப்புரையில் இன்னொன்றும் உண்டு. ஷீட்டில் பூசணம் பிடிக்காமலிருக்கப் பாராநைட்ரோஃபீனால் கரைசலில் முக்கித் தொங்கவிடுவது தோட்டங்களில் பழைய வழக்கம். விஷம் அது. அந்த நீர் சொட்டிச் சொட்டி ஊறின கம்பில் கறியைக் கோக்காதீர்கள். புகை வாசம் வேணும் என்றால் தனியாக ஒரு டிரம் வையுங்கள். தொண்டு (தேங்காய் மட்டை) புகையட்டும், அந்தப் புகையை நீளமான தகரக் குழாய் வழியே ஆறவைத்து, விடியற்காலையில் மட்டும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறிக்கு ஓரிரு மணி நேரம் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள்.